இருவருக்கு இடையே ஒரே கோடு

அக்டோபர் 7, திங்கள்

வாரத்தின் முதல் நாளே வயிற்றெரிச்சல். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் இருக்கும் ஸ்டெல்லா போன் செய்து, எங்கள் மென்பொருள் உறவுகளை "முழுங்குது" என்று புகார் சொல்லியிருக்கிறாள். முழுங்குதாம்! ஒரு பெண்ணுக்கு ஒருவரைத் தாய்மாமன் என்று பதிவு செய்தாளாம். பிறகு அதே ஆளைக் கணவர் என்று பதிவு செய்தாளாம். திரும்பிப் பார்த்தால் தாய்மாமனைக் காணோமாம், கணவர் மட்டும் இருக்கிறாராம்.

புகாரைத் தூக்கிக்கொண்டு வந்தவள் ரஹ்மத் நிஷா. நாங்கள் எழுதும் நிரல்களைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. என்னுடையதில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். அதை இவ்வளவு ரசித்துச் செய்ய வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

"உலகம்மாக்கா, ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு உறவுதான் நிக்குது. ரெண்டாவது வந்தா மொதல்ல உள்ளது அழிஞ்சுபோவுது."

"அப்படித்தான் வச்சிருக்கேன்" என்றேன்.

அவளுக்கு விளக்கியதை இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் அது நல்ல வடிவமைப்பு. பரம்பரை நோய் உள்ள குடும்பங்களின் உறவுகளை வைத்து, பிறக்கப்போகும் குழந்தைக்கு நோய் வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் மென்பொருள் இது. ஒவ்வோர் ஆளும் ஒரு புள்ளி. உறவு என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு. புள்ளிக்கு ஒரு தரவு வகை எழுதினேன்: எண், பெயர், ஆணா பெண்ணா, பிறந்த ஆண்டு, என்ன நோய். கோட்டுக்கென்று தனி வகை எழுதவில்லை. எதற்கு? இரண்டு புள்ளிகளின் எண்களையும் சேர்த்தால் ஒரு சாவி, அந்தச் சாவிக்கு எதிரே உறவின் பெயர். 37, 41: கணவர். முடிந்தது வேலை. எவ்வளவு பெரிய குடும்பமானாலும் தேடியவுடன் கிடைக்கும். ஒரு சாவிக்கு எதிரே ஒரு பெயர்தான் நிற்கும், அது அதன் இயல்பு.

ஸ்டெல்லாவுக்குப் பதில் அனுப்பினேன்: "பதிவு செய்பவரின் தவறு. ஏதாவது ஓர் உறவை மட்டும் தேர்ந்தெடுக்கவும்."

தீபாவளிக்கு மூன்று வாரம்தான். ஆபீசில் எல்லாரும் அதிரசம் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் பாகு காய்ச்சுவதில்லை, அம்மாவுக்கு அந்த வாசம் ஆகாது. முறுக்கு கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

ரஹ்மத் விடமாட்டேன் என்கிறாள். அரைக்கக் கொடுத்த மாவை வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

இன்று என்னை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துவிட்டாள். பிப்ரவரியிலேயே இதே கேள்வியை எழுதியிருக்கிறாளாம். அதற்குக் கீழே நான் எழுதிய பதிலையும் பெரிய திரையில் காட்டினாள். "இருவருக்கு இடையே இரண்டு உறவு என்பது நடைமுறையில் வராது. தேவையில்லை." என் பெயர், தேதி, நேரம் எல்லாம் இருந்தது.

எங்கள் முதலாளி ஜெயசீலன் சார் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, திருநெவேலில உக்காந்துக்கிட்டு மாமனைக் கட்டுறது நடைமுறையில வராதுங்குத? வேற எந்த ஊர்ல வரும்?"

"இப்பல்லாம் யாரு சார் அப்படிக் கட்டுதா?" என்றேன்.

"எங்க தெருவுலயே மூணு வீடு இருக்கு!"

அந்தப் பதிலை எழுதிய வாரம் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். ரஹ்மத் ஒரு மாதிரிப் பார்த்தாள். "அந்த வாரம் ஆபீஸ்ல எல்லாரும் குற்றாலம் போனோமேக்கா. தண்ணி கொஞ்சமா விழுந்ததுக்கே நீங்கதான மெயின் அருவியில ரெண்டு மணி நேரம் நின்னீய?" என்றாள். சரி, காய்ச்சல் அதற்கு முந்தின வாரமாக இருக்கும்.

சிரிப்பு அடங்கியபின் அவள் சொன்னதுதான் பிரச்சினை. கணக்கு இரத்த உறவுக் கோடுகளின் மேல்தான் நடக்கிறது. தாய்மாமன் இரத்த உறவு, கணவர் இல்லை. தாய்மாமன் கோடு அழிந்து கணவர் கோடு மட்டும் நின்றால், "இரத்த உறவு இல்லை, ஆபத்து குறைவு" என்று அறிக்கை வரும். எந்தக் குடும்பத்துக்கு ஆபத்து அதிகமோ சரியாக அந்தக் குடும்பத்துக்கு. ஏப்ரலிலிருந்து ஆஸ்பத்திரியில் இதைத்தான் அச்செடுத்துக் கொடுக்கிறார்கள்.

சார் கதவைச் சாத்திவிட்டு எங்கள் இருவரிடமும் பேசினார். இருபத்தைந்தாம் தேதி ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள். அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். ரஹ்மத் மடிக்கணினியை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் சரி என்றேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

சரிசெய்வதற்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. கோட்டுக்கும் இப்போது தனி வகை. அதற்கென்று சொந்த எண், எங்கிருந்து, எங்கே, என்ன உறவு, இரத்தமா மணமா. ஒவ்வொரு புள்ளியும் தன் கோடுகளை ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளும். இனி இருவருக்கு நடுவே எத்தனை கோடு வேண்டுமானாலும் நிற்கலாம், ஒன்று இன்னொன்றை அழிக்காது. பிப்ரவரியிலேயே எழுதியிருந்தால் ஒரு மத்தியான வேலை.

ஆனால் அழிந்தது அழிந்ததுதான். பழைய கோடுகள் எங்கேயும் இல்லை. ஸ்டெல்லா நோயாளிகளிடம் கேட்டுக் கையால் எழுதும் காகிதப் படிவங்களில் மட்டும் இருக்கும். திங்கட்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லிப் போய்ப் பார்க்க வேண்டும். சும்மா ஒரு சரிபார்ப்புக்குத்தான்.

அக்டோபர் 14, திங்கள்

386 படிவங்கள். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். ஸ்டெல்லா இரண்டு முறை டீ கொண்டுவந்து வைத்தாள். "என் மேலதான தப்புன்னு எழுதுனிய, இப்ப என்ன தேடுதிய?" என்று கேட்டாள். அடுத்த படிவத்தைப் புரட்டினேன்.

இரட்டை உறவு உள்ள குடும்பம் ஒன்பது. எட்டுப் பேரைப் பற்றிப் பயமில்லை, வீட்டில் நோயே கிடையாது, வெறும் சந்தேகத்துக்கு வந்தவர்கள். ஒன்பதாவது படிவம் முப்பிடாதி, வயது 24, ஆவுடையூர், சங்கரன்கோவில் பக்கம். கணவர் சுடலைமுத்து. "கணவர், இவர் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி" என்று ஸ்டெல்லா தெளிவாக எழுதியிருக்கிறாள். முதல் குழந்தை ஆண், எட்டு நாள் இருந்தது. கிருமித் தொற்று என்று சொல்லிவிட்டார்களாம். ஓரத்தில் சின்ன எழுத்தில்: "பால் குடிப்பதை நிறுத்தியது. துணியில் பாகு கருகின வாசம் என்கிறார்."

ஆகஸ்ட் 2 அன்று எங்கள் அறிக்கை அவளுக்குப் போயிருக்கிறது. இரத்த உறவு இல்லை. ஆபத்து குறைவு. சிறப்பு ஏற்பாடு தேவையில்லை. பிரசவத் தேதி நவம்பர் 6.

எனக்குத் தலைவலி வந்துவிட்டது. ஸ்டெல்லாவிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். நவம்பர் 6க்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது, அவசரமில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

ஜெயசீலன் சாரிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "பத்து நாள் பொறும்மா. இருபத்தஞ்சு கையெழுத்தானதும் நானே டாக்டர்ட்ட பேசுதேன். அதுக்கப்புறமும் பத்துப் பன்னெண்டு நாள் இருக்குல்லா?" இருக்கிறது. கணக்கு சரிதான்.

பாகு வாசம் வரும் அந்த நோயைப் பற்றி: வயிற்றில் இருக்கும்வரை குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, தாயின் உடம்பு எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும். பிறந்து பால் குடிக்க ஆரம்பித்ததும் பாலில் உள்ள புரதம் செரிக்காமல் இரத்தத்தில் சேரும். மூன்றாம் நாள் உறிஞ்சுவதை நிறுத்தும். அப்புறம் உடம்பு விறைக்கும், அழுகை வேறு மாதிரி ஆகும், கீச்சென்று. எட்டு நாள், ஒன்பது நாள். முன்கூட்டியே தெரிந்தால் முதல் நாளிலிருந்தே அதற்கென்று உள்ள பால்மாவைக் கொடுத்து வளர்த்துவிடலாம். தாய்க்கு அந்த அழுகை மட்டும் மறக்காது.

இதெல்லாம் இணையத்தில் படித்தது.

அக்டோபர் 16, புதன்

துணி துவைத்தேன். வேலை எதுவும் ஓடவில்லை. சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதாம், வாங்கி அனுப்பச் சொன்னாள். எல்லாம் பேசி முடித்தபின் ஒன்று கேட்டேன். அம்மா, "இப்ப எதுக்குட்டி அத கேக்க?" என்று வைத்துவிட்டாள்.

முப்பது வருஷத்தில் முதல் முறையாகக் கேட்டேன், பதில் இவ்வளவுதான்.

அக்டோபர் 17, வியாழன்

ரஹ்மத்துடன் பெரிய சண்டை. ஸ்டெல்லா மூலம் முப்பிடாதி விஷயம் அவள் காதுக்குப் போய்விட்டது.

"இன்னைக்கு நீங்க டாக்டர்ட்ட சொல்லலன்னா நான் சொல்லுவேன். வேலை போனாப் போவுது."

"போய்ச் சொல்லு! உனக்கு என்ன தெரியும் இதப் பத்தி? உன் வீட்டுல..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

"என் வீட்டுல என்னக்கா?"

கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் முன்னாலேயே டாக்டர் வேதநாயகிக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் பரம்பரை நோய் பார்ப்பவர் அவர்தான்; மதுரையில் இருப்பவர், சனிக்கிழமை மட்டும் இங்கே வருவார். எல்லாவற்றையும் சொன்னேன். என் வடிவமைப்பு, பிப்ரவரியில் நான் எழுதிய பதில், அறிக்கை எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நானும் அந்தக் காகிதத்தப் புரட்டிப் பாத்திருக்கணும்மா. திரையில வந்தத நம்பிட்டேன்" என்றார். உடனே, "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டார்.

அதுதான் தெரியவில்லை. படிவத்தில் உள்ள எண் சுடலைமுத்துவுடையது. அவர் கேரளாவில் பேக்கரி வேலையில் இருக்கிறார். எண் அணைந்தே கிடக்கிறது. வளைகாப்பு முடிந்து முப்பிடாதி தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று மட்டும் ஸ்டெல்லாவுக்கு நினைவிருக்கிறது. அம்மா பெயர் சொர்ணம், அதே ஆவுடையூர். நாளை காலை நானும் ஸ்டெல்லாவும் போகிறோம். சார் என்னோடு பேசுவதில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சங்கரன்கோவில் பஸ்ஸில் போகும்போதே டாக்டர் கூப்பிட்டார். ஆவுடையூர் கிராம நர்ஸின் எண் ஒருவழியாகக் கிடைத்து விசாரித்திருக்கிறார். முப்பிடாதிக்குப் புதன்கிழமை காலையிலேயே பிரசவம் ஆகிவிட்டது. மூன்று வாரம் முன்னாலேயே. ஆண் குழந்தை, இன்று காலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாலை நிறுத்தச் சொல்லி நர்ஸ் நேரில் போய்ச் சொல்லியும் வீட்டில் கேட்கவில்லையாம்.

"ரெண்டு நாள் முழுக்கத் தாய்ப்பால் குடிச்சிருக்கு. சீக்கிரம் போங்க" என்றார் டாக்டர். ஸ்டெல்லா ஜெபம் பண்ண ஆரம்பித்தாள். எனக்கு அந்த டிரைவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு நானே ஓட்டலாம் போல இருந்தது. ஊருக்கு ஊர் நிறுத்தினான் பாவி.

சங்கரன்கோவிலில் மினிபஸ் போய்விட்டிருந்தது. ஆட்டோ பிடித்தோம். வீட்டு வாசலில் சொர்ணம் நின்றுகொண்டிருந்தார், ஐம்பது வயதிருக்கும், கையில் பேறுகாலத்து மருந்துக் கிண்ணம்.

"தாய்ப்பாலக் குடுக்காதன்னு எந்த டாக்டராவது சொல்லுவாளா? யாரு நீங்கள்லாம்? எம் பேரன் நல்லாத்தான் இருக்கான்."

உள்ளேயிருந்து முப்பிடாதி, "எங்க நல்லா இருக்கான்மா? காலைலேருந்து மாரப் பிடிக்கவே மாட்டேங்கானே" என்றாள். அவள் குரலில் பயம் இருந்தது. அவள் ஏற்கெனவே ஒன்றைப் பார்த்தவள்.

நான் அனுமதி கேட்கவில்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்த குழந்தையின் ஈரத்துணியை எடுத்து முகர்ந்தேன். பாகு. அடிப்பிடித்த வெல்லப் பாகு. நான் துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வயதில் எங்கள் வீட்டுப் பின்வாசல் கொடியில் வரிசையாகக் காய்ந்த துணிகளில் இருந்த அதே வாசம்.

"இதுதான். இதேதான்!" என்று கத்தினேன். ஸ்டெல்லா பயந்துவிட்டாள். டாக்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "மொதப் புள்ளைக்கும் இதே வாசம் வந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார். முப்பிடாதி ஓவென்று அழுதாள். சொர்ணம் அதற்குப்பின் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு, குழந்தையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஆம்புலன்ஸ் வர முப்பத்தைந்து நிமிடம். பால் நிறுத்தம், குளுக்கோஸ் டிரிப், நேரே மதுரை. வழி முழுக்க அவன் அழவேயில்லை. அழுதுவிடேன்டா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். மதுரை ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் நின்றார்.

அக்டோபர் 19, சனி

மதுரை. வார்டுக்கு வெளியே பெஞ்ச். இரத்தப் பரிசோதனையில் டாக்டர் பயந்ததுதான் வந்திருக்கிறது. உடம்பு லேசாக விறைக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

அப்படியேதான். சுடலைமுத்து வந்துவிட்டார். முப்பது வயது ஆள், கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்றே அழுகிறார். மனைவியிடம் "ஒண்ணும் ஆகாது மோளே" என்று பேக்கரியில் கற்ற மலையாளத்தில் சொன்னார். அவள் கொஞ்சம் சிரித்தாள்.

அக்டோபர் 21, திங்கள்

இறங்குகிறது! இரத்தத்தில் இருந்த விஷம் பாதிக்கு இறங்கியிருக்கிறது. ஊசி போடும்போது வீலென்று அழுதானாம். நர்ஸ் வந்து சொன்னதும் நானும் ஸ்டெல்லாவும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஸ்டெல்லா மத்தியான பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.

ஜெயசீலன் சாரிடமிருந்து மின்னஞ்சல். நான் இனி வரவேண்டாமாம். கம்பெனி ரகசியத்தை வெளியே சொன்னது காரணம். ரஹ்மத்தும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாளாம். புதிய கோட்டு வகையை ஆஸ்பத்திரியில் ஏற்றிவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தாள், கெட்டிக்காரி.

அக்டோபர் 24, வியாழன்

அவன் பிழைத்துவிட்டான். இன்று காலை அந்தச் சிறப்புப் பால்மாவை வாயாலேயே குடித்தான், முப்பது மில்லி. வாழ்நாள் முழுக்கச் சாப்பாட்டில் கவனம் வேண்டும், ஆனால் வளர்வான், பள்ளிக்கூடம் போவான் என்று டாக்டர் சொன்னார். மூளையில் ஏதாவது பாதிப்பு இருக்கிறதா என்பது மட்டும் ஒரு வருஷம் போனால்தான் தெரியுமாம். பிறந்த அன்றே தொடங்கியிருந்தால் அந்தச் சந்தேகமே இருந்திருக்காது என்றும் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஊருக்குக் கிளம்புமுன் முப்பிடாதியிடம் சொல்லிக்கொண்டு போக உள்ளே போனேன். குழந்தை மடியில் இருந்தான். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். துணிய மோந்ததும் அப்படியே உக்காந்துட்டியளே. இந்த வாசம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் யாரிடமும் சொன்னதில்லை. கல்லூரியில் சொன்னதில்லை, ஆபீசில் சொன்னதில்லை, இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. "எங்க அப்பா எங்க அம்மாவுக்குத் தாய்மாமன். எனக்கு ஒரு தம்பி பொறந்தான். ஒம்பது நாள் இருந்தான்" என்றேன்.

முப்பிடாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருவரும் அழுதோம். எனக்கு எவ்வளவோ வருஷத்துப் பாரம் இறங்கியது. அந்தச் சுகத்தில் மற்றதையும் சொல்லிவிட்டேன். அந்த அறிக்கை தந்த நிரலை எழுதியவள் நான்தான், உங்களைப் போன்றவர்கள் வரமாட்டார்கள் என்று எழுதியவளும் நான்தான், வெட்கப்பட்டுத்தான் அப்படி எழுதினேன் என்று.

அவள் கையை எடுக்கவில்லை. "தேடி வந்தியள்லா. அதுவே பெருசு" என்றாள். பிறகு குழந்தையின் முகத்தைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எங்க காயிதத்த எப்பப் பாத்திய?"

"திங்கக்கிழமை" என்றேன்.

அவள் முகம் துடைத்த துணியைக் கட்டில் ஓரம் வைத்தாள்.

"இவன் புதங்கிழமைல்லா பொறந்தான்?"

நான் தலைவலி என்று சொல்லலாமா என்று பார்த்தேன்.

முப்பிடாதி தன் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டு, பால் புட்டியை எடுத்தாள்.

"வெளிய இருங்க. புள்ளைக்குப் பால் குடுக்கணும்" என்றாள்.